உபவிதியும் வகைசொல்லலும்: நம் மாநகர சபைகள் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

ஒரு நாட்டின் சட்டங்களுள் மக்களின் அன்றாட வாழ்வை மிக நெருங்கி நின்று ஆள்பவை எவை என வினவின், மாநகர சபைகளும் அவைபோன்ற உள்ளூராட்சி மன்றங்களும் ஆக்கும் உபவிதிகளே என விடை கூறல் பொருந்தும். சந்தையில் மீன் விற்போர் எங்கு அமர்தல் வேண்டும், இறைச்சிக்கடையின் தளம் எவ்வாறு இருத்தல் வேண்டும், வீட்டுக் கழிவுநீர் எவ்வழி பாய்தல் வேண்டும், ஒழுங்கைக்கரை மதிலை எவ்வளவு தள்ளிக் கட்டல் வேண்டும் என்பனவெல்லாம் பாராளுமன்றத்தில் விவாதிக்கப்படுவனவல்ல. நகர மண்டபத்தில் நிறைவேறும் சில பக்க விதிகளே அவற்றைத் தீர்மானிக்கின்றன. ஆயினும் அரசியலமைப்புக்களைப் பற்றி நம்மவர் எழுதிய அளவிற் சிறு பங்கேனும் உபவிதிகளைப் பற்றி எழுதினாரல்லர்.

மாநகர சபைகளைப் பற்றி இரு கூற்றுக்கள் நம்மிடையே பெருவழக்காக உள்ளன. சபையார் ஊழல் மிக்கவராதலின் மேலிருந்து கட்டுப்படுத்தல் இன்றியமையாதது என்பது ஒன்று. சபைக்கு அதிகாரமே இல்லையாதலின் அதனிடம் எதனையும் எதிர்பார்த்தல் வீண் என்பது மற்றையது. முன்னையதை அலுவலர் கூறுவர். பின்னையதைச் சபையாரே கூறுவர். ஒன்றுக்கொன்று முரண்பட்டன போலத் தோன்றினும் இவ்விரண்டும் ஓரிடத்திற் சென்று கூடுவதைக் கூர்ந்து நோக்குவார் காண்பர். நகர மக்களை இரண்டுமே கணக்கில் எடுப்பதில்லை. நம் மாநகர சபைகளின் அடிப்படைக் குறை அதிகாரத்தின் மிகுதியிலோ குறைவிலோ மட்டும் தங்கியதன்று. வகைசொல்லும் கடமை அவற்றில் மேல்நோக்கியே அமைந்துவிட்டது என்பதே முதற் குறை. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வமைப்பின் வேர் பழையது. 1865ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமே இலங்கையில் மாநகர சபைகளைத் தோற்றுவித்தது. அச்சபைகளில் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் இருந்தனர் என்பது உண்மையே. எனினும் அவர்களைத் தெரியும் உரிமை சொத்தும் வருவாயும் உடைய ஒரு சிறு பகுதியினர்க்கே உரியதாயிருந்தது. சபையின் தலைமையோ மாகாண அரசாங்க அதிபரிடம் இருந்தது. கொழும்பு நகரம் தன் முதல் மேயரைக் காண 1937 வரை, எழுபது ஆண்டுகளுக்கு மேல், காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாறு தெரிவானவர் வைத்திய கலாநிதி இரத்தினசோதி சரவணமுத்து என்பது நம் மாணவர் அறிந்திருக்கவேண்டிய செய்தி.

இன்றும் அடிப்படைச் சட்டமாக விளங்கும் 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச்சட்டம், சுதந்திரத்தின் வாயிலில் உருவானது. யாழ்ப்பாணம் 1949இல் அதன்கீழ் மாநகர சபையாகியது. பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள் ஆகியவற்றை நிருவகித்தலும் மக்களின் வசதியையும் நலனையும் பேணலும் சபையின் கடமைகளென அச்சட்டம் வகுத்தது. கடமை விரிந்தது, வாக்குரிமையும் விரிந்தது. ஆனால் அரசாங்க அதிபர் எழுந்து சென்ற ஆசனத்தில் அமைச்சர் வந்தமர்ந்தார். சபையின் உபவிதியை ஏற்பதும் மறுப்பதும், தகுதியின்மை அல்லது முறைகேடு காரணமாக மேயரை நீக்குவதும் சபையைக் கலைப்பதும் அவ்வாசனத்துக்குரிய அதிகாரங்களாயின.

உபவிதி என்னும் கருவியை நாம் ஆங்கிலேயரிடமிருந்து பெற்றோம். அதனை அவர்கள் எந்த நியாயத்தின்மேல் நிறுத்தினர் என்பதை ஈண்டு நோக்குதல் பயனுடையது. 1898இல் தீர்க்கப்பட்ட குரூஸ் எதிர் ஜோன்சன் என்னும் வழக்கு உள்ளூராட்சிச் சட்டம் பயில்வோர் யாவரும் அறிந்தது. குடியிருப்பு வீட்டிலிருந்து ஐம்பது யார் தூரத்துக்குள் நின்று பாடுபவர், நிறுத்துமாறு கேட்கப்பட்ட பின்னும் பாடினால் குற்றவாளியாவார் எனக் கென்ற் மாவட்டத்து உள்ளூர்ச் சபை ஓர் உபவிதி ஆக்கியிருந்தது. அது நியாயமற்றது எனத் தண்டிக்கப்பட்டவர் வாதிட்டார். பிரதம நீதியரசர் ரசல் பிரபு அவ்வாதத்தை ஏற்கவில்லை. புகையிரதக் கம்பனி போன்ற இலாப நோக்குடைய நிறுவனங்களின் உபவிதிகளை நீதிமன்றம் ஐயத்தோடு ஆராய்தல் தகும். மக்கள் பிரதிநிதிகளைக் கொண்ட பொதுச் சபையின் உபவிதிகளையோ இயன்றவரை ஆதரவோடு நோக்குதல் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். பக்கச்சார்பு, வெளிப்படையான அநீதி, தீயநோக்கு ஆகியன இருப்பின் மட்டுமே உபவிதி நியாயமின்மையால் வீழும்.

இத்தீர்ப்பின் உயிர்நிலை எங்குள்ளது? தம் ஊருக்கு எது தேவை என்பதை அவ்வூராரால் தெரியப்பட்டவரே நன்கறிவர். தவறினால் அவ்வூராரே அவர்களை அகற்றுவர் என்ற நம்பிக்கையில் உள்ளது. அங்கும் மத்திய அரசுக்கு மறுப்புரிமை இல்லாமலில்லை. ஆயினும் உபவிதியின் நியாயம் கீழிருந்து எழுந்தது. நாமோ அக்கருவியைப் பெற்றோம். அதனைத் தாங்கிய நியாயத்தைப் பெற்றோமல்லேம்.

நம் நாட்டில் ஓர் உபவிதி நடக்கும் வழியைக் காண்போம். சபை அதனை நிறைவேற்றியவுடன் அது விதியாகிவிடாது. மேலிடத்து அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட பின்னரே வலுப்பெறும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் உள்ளூராட்சியை மாகாண சபைக்குரிய விடயமாக்கியதால், அங்கீகரிக்கும் கை மாகாணத்துக்கு மாறியது. இம்மாற்றம் மக்களை ஓரளவு அணுகி வந்ததெனக் கருத இடமுண்டு. ஆனால் மாகாண சபைத் தேர்தல் 2014இன் பின் முடங்கியது. 2019இல் இறுதியாக எஞ்சியிருந்த மாகாண சபையின் காலமும் முடிந்தது. அதன் பின்னர் மாகாண நிருவாகம் நியமனம் பெற்ற ஆளுநரின் கையில் தங்கியது. தெரிவுசெய்யப்பட்டவர் ஆக்கும் விதியைத் தெரிவுசெய்யப்படாதவர் ஏற்று அருளும் நிலை இவ்வாறு மீண்டும் வந்தது. 1865ஆம் ஆண்டின் அரசாங்க அதிபரை இது நினைவூட்டுகின்றது.

இவ்வழி நெடியதாகவே, சபைகள் குறுக்கு வழி ஒன்றை நாடலாயின. 1952ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டம் மாதிரி உபவிதிகளை அமைச்சரே ஆக்கவும், சபை ஒரு தீர்மானத்தின் மூலம் அவற்றை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் இடமளித்தது. சட்ட வரைஞரை அமர்த்த வசதியற்ற சிறு சபைகளுக்கு இது பேருதவி என்பதை மறுத்தற்கில்லை. ஆனால் உதவி வழக்கமாகி, வழக்கம் சிந்தனையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பொது வரைவைக் கையுயர்த்தி ஏற்பது வேறு. தன் ஊரின் மண்ணையும் நீரையும் தொழிலையும் ஆராய்ந்து விதி செய்வது வேறு.

ஓர் உதாரணம் கூறின் இவ்வேறுபாடு தெளிவாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. மக்கள் காலங்காலமாகச் சுண்ணாம்புக்கல்லின் அடியில் தங்கும் நிலத்தடி நீரையே நம்பி வாழ்ந்து வந்துள்ளனர். அக்கல்லோ வெடிப்புகளும் துவாரங்களும் நிறைந்தது. மேலிருந்து இறங்கும் கழிவை வடிகட்டும் ஆற்றல் அதற்குக் குறைவு. கொழும்பு நகரின் பெரும்பகுதிக்குக் கழிவுநீர்க் குழாய்த்தொகுதி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமைந்தது. யாழ்ப்பாண நகரின் வீடுகளோ மலக்குழியையே சார்ந்து வந்துள்ளன. ஒரு வளவின் கிணற்றுக்கும் அயல்வளவின் குழிக்கும் இடையில் எத்தனை அடி இருத்தல் வேண்டும், குழியின் அடித்தளம் எவ்வாறு அமைதல் வேண்டும், காணிகள் துண்டாடப்படும்போது இத்தூரத்தைப் பேணுவது யார் என்னும் வினாக்கள் இந்நகரில் உயிர் பற்றிய வினாக்கள். செம்மண் நிலத்துக்கும் மலைச்சரிவுக்கும் சுண்ணாம்புப் பாறைக்கும் ஒரே அளவுகோலை வைத்து எழுதப்படும் எவ்விதியும் இவற்றுக்கு நிறைவான விடை தரமாட்டாது. குடாநாட்டு நீரில் நைத்திரேற்று மிகுந்திருத்தலை ஆய்வாளர் நெடுங்காலமாக எடுத்துக்காட்டி வந்துள்ளனர். அவ்வாய்வுகள் விதியாக மாறவேண்டிய இடம் மாநகர சபை மண்டபமே. உள்ளூர்ச் சட்டவாக்கம் ஏன் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த நியாயம் தேடவேண்டியதில்லை.

இனி அதிகாரம் பற்றிய முறைப்பாட்டை நோக்குவோம். சபைகளின் கையிலிருந்து பணிகள் ஒவ்வொன்றாக அகன்றமை வரலாறு. 1974இன் சட்டம் நீர்வழங்கலுக்கும் வடிகாலமைப்புக்கும் ஒரு தேசியச் சபையை உண்டாக்கியது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் தோன்றிய நகர அபிவிருத்தி அதிகார சபை, தான் பிரகடனஞ் செய்யும் பகுதிகளில் திட்டமிடல் அதிகாரத்தைத் தன்வசமாக்கிப் பின்னர் அதில் ஒரு பங்கை மேயருக்கே முகவர் என்ற வகையிற் கையளித்தது. உள்ளூராட்சி மன்றங்கள் நடத்திய மின்விநியோகத்தைப் பொறுப்பேற்க 1983இல் ஒரு கம்பனி அமைக்கப்பட்டது. இவற்றுட் சிலவற்றுக்குத் தொழில்நுட்ப நியாயம் உண்டு. நகரவாசியின் நிலையில் நின்று நோக்குமிடத்து விளைவு ஒன்றே: கட்டட அனுமதியோ வடிகாலோ பிழைத்தவிடத்து வகைசொல்பவர் யார் என்பது தெரியாமற்போயிற்று. மாநகர சபை அதிகார சபையைச் சுட்டும். அதிகார சபை மாநகர சபையைச் சுட்டும்.

இக்குழப்பத்தின் கொடிய சான்று மீதொட்டமுல்ல. கொழும்பு நகரின் குப்பை நகர எல்லைக்கு வெளியே, கொலொன்னாவைப் பகுதியில், ஏழை மக்களின் வீடுகளுக்கு அருகே மலையாகக் குவிக்கப்பட்டது. 2017 ஏப்பிரல் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளன்று, அம்மலை சரிந்து வீடுகளை மூடியது. முப்பதிற்கு மேற்பட்டோர் மாண்டனர். குப்பையைக் கொட்டிய நகரத்தின் சபையைத் தெரிவதற்கு அம்மக்களுக்கு வாக்கு இல்லை. அவர்கள் வேறோர் உள்ளூராட்சி மன்றத்தின் வாக்காளர். நகர வாக்காளரோ தம் வாயிலிலிருந்து குப்பை அகன்றதும் திருப்தியடைந்தனர். குப்பை அகற்றல் கொழும்பு மாநகர சபையின் கடமை. மாற்றுத் திட்டங்களை முடிவுசெய்வது மத்திய அரசு. இடிந்த வீடுகள் அயற்சபையின் எல்லைக்குள். இவ்வாறு பொறுப்பு மூன்றாகப் பிரிந்தபோது அது எவரிடத்தும் முழுமையாகத் தங்கவில்லை. வாக்குரிமை ஒன்றே வகைசொல்லலை உறுதிசெய்யும் என நம்புவோர் ஆழ்ந்து சிந்திக்கவேண்டிய நிகழ்ச்சி இது. ஒரு சபையின் செயலால் தாக்கமுறுவோர் அதன் வாக்காளராகவே இருப்பர் என்பதற்கு உறுதி யாதுமில்லை. ஆகவே தாக்கமுறுவோரைக் கேட்டறியும் கடமை சட்டத்திலேயே எழுதப்படல் வேண்டும்.

இதுகாறும் மேலிடத்தைக் குறைகூறினோம். சபையாரின் பங்கையும் அதேயளவு கண்டிப்போடு மதிப்பிடுதல் விமரிசன நேர்மையாகும். சபையின் கணக்குகளைக் கணக்காய்வாளர் அதிபதி பரிசோதிக்கின்றார். அவருடைய அறிக்கைகள் பாராளுமன்றத்தின் அரசாங்கக் கணக்குகள் குழுவின்முன் செல்கின்றன. ஒரு நகரத்து வடிகாற் செலவு பற்றிய வினா ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டையில் எழுப்பப்படுகின்றது. அவ்வடிகாலுக்கருகில் வாழ்வோரின் பிரதிநிதி அதே அறிக்கையைத் தன் சபையில் எடுத்து ஆராய்வதற்குச் சட்டத்தில் என்ன தடை? எத்தடையும் இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களையும் கட்டுப்படுத்துகின்றது. சாதாரண குடிமகனும் பெறத்தக்க ஆவணத்தைச் சபை உறுப்பினர் பெற முடியாதிருக்க நியாயமில்லை. அதிகாரம் இல்லை என்ற முறைப்பாடு, இருக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தாதார் வாயிலிருந்து வரும்போது வலுவிழக்கின்றது.

சபையார் தவறாது பயன்படுத்தும் ஆயுதம் ஒன்று உண்டு. அது வரவு செலவுத் திட்டத்தைத் தோற்கடித்தல். 2012இன் சட்டத் திருத்தங்களின் பின்னர், மீளச் சமர்ப்பித்தும் தோல்வியுறும் வரவு செலவுத் திட்டம் மேயரின் பதவியையே பறிக்கத்தக்கதாயிற்று. யாழ்ப்பாண மாநகர சபையில் 2020 டிசெம்பரில் அவ்வாறு ஒரு முதல்வர் பதவியிழந்தார். அவருக்குப் பின்வந்தவரும் 2022 டிசெம்பரில் அதே காரணத்தால் விலக நேர்ந்தது. நிதியைத் தடுக்கும் உரிமை மக்களாட்சியின் மிகப் பழைய காவல்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆண்டு முழுதும் நிலையியற் குழுக்களில் எழுப்பப்படாத வினா, டிசெம்பரில் ஒரு நாள் கையெண்ணிக்கையாக வெளிப்படுமாயின், அதனை வகைசொல்லல் எனல் கடினம். சோலைவரி எவ்வளவு நிலுவை, எந்த வட்டாரத்தில் எவ்வளவு செலவு, எந்த வேலை முடியவில்லை என்பன பின்தள்ளப்பட்டுக் கட்சிக் கணக்கே முன்னிற்கும்.

உபவிதியை நடைமுறைப்படுத்தல் பற்றியும் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடல் தகும். நகரில் குப்பை கொட்டுதல் முதலியவற்றைக் கண்காணிக்க யாழ்ப்பாண மாநகர சபை 2021 ஏப்பிரலில் ஐவரைக் கொண்ட அணியொன்றை அமர்த்தியது. அவர்களுடைய சீருடை விடுதலைப் புலிகளின் காவற்றுறைச் சீருடையை ஒத்திருந்தது என்ற குற்றச்சாட்டின்பேரில் முதல்வர் பயங்கரவாத விசாரணைப் பிரிவினராற் கைதுசெய்யப்பட்டுப் பின்னர் பிணையில் விடப்பட்டார். சீருடை பற்றிய கருத்து எவ்வாறாயினும் ஆகுக. தன் உபவிதியைக் காக்க ஒரு மாநகர சபை எத்தகைய அலுவலரை, எத்தகைய அதிகாரத்தோடு அமர்த்தலாம் என்பது சட்டத்தாலும் சபை விவாதத்தாலும் விடைகாணப்படவேண்டிய நேரிய வினா. அது பாதுகாப்பு வினாவாக மாற்றப்பட்டதும் உள்ளூராட்சி வினா மறைந்துபோயிற்று.

யாவற்றுக்கும் அடித்தளமான தேர்தலைப் பற்றிக் கூறாது இவ்வாய்வு நிறைவுறாது. யாழ்ப்பாண மாநகர சபைக்கு 1983இன் பின் தேர்தல் நடந்தது 1998 ஜனவரியில். அவ்வாண்டு மே மாதத்தில் முதல்வர் சரோஜினி யோகேஸ்வரனும், செப்டெம்பரில் அவருக்குப் பின் பதவியேற்ற பொன். சிவபாலனும் கொல்லப்பட்டனர். அடுத்த தேர்தல் 2009 ஆகஸ்டில். நகர முதல்வர் பதவி உயிரை விலையாகக் கேட்ட காலம் அது. அக்காலத்தைப் போர் என்ற ஒரு சொல்லால் விளக்கிவிடலாம். ஆனால் போர் முடிந்து பல்லாண்டுகளின் பின் நாடு முழுவதிலும் நிகழ்ந்ததை எவ்வாறு விளக்குவது? 2023 மார்ச் 9ஆந் திகதிக்கெனக் குறிக்கப்பட்ட உள்ளூராட்சித் தேர்தல், வேட்புமனுக்கள் ஏற்கப்பட்ட பின்னர், நிதியில்லை என்ற காரணங் கூறி நடத்தப்படாது விடப்பட்டது. அம்மாதமே சபைகளின் காலம் முடிந்தது. அதனால் வாக்காளரின் அடிப்படை உரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்த்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6இல். இடைப்பட்ட ஈராண்டுகளில் ஆணையாளரும் செயலாளருமே நகரங்களை ஆண்டனர்.

அவ்வீராண்டுகளில் குப்பை அள்ளப்பட்டது, தெருவிளக்கு எரிந்தது, சபை இல்லாமையால் என்ன குறைந்தது எனக் கேட்டவர் உளர். நம் உள்ளூராட்சியின்மேல் எழுந்த வினாக்களுள் மிகக் கூரியது இதுவே. குறைந்தது யாதெனின், கேட்கும் உரிமை. ஆணையாளர் நல்லவராயினும் அவர் வகைசொல்வது தம்மை நியமித்தவர்க்கே. நல்ல நிருவாகம் கிடைத்தவிடத்தும் அது மக்களுக்குக் கிடைத்த கொடையாக நிற்குமேயன்றி அவர் உரிமையாகாது. எனினும் அவ்விழப்பை மக்கள் உணராதுபோனமைக்குச் சபைகளும் காரணம். கேட்கும் உரிமையை அவை உயிர்ப்போடு நடத்திக்காட்டியிருந்தால், அது போனபோது நகரம் வெறுமையை உணர்ந்திருக்கும்.

ஊழல் பற்றிய வாதத்துக்கும் இங்கு விடை உண்டு. ஊழல் உண்டு என்பதை எவரும் மறுக்கார். ஆனால் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக மேற்கட்டுப்பாடு இருந்துவந்துள்ளது, ஊழலும் இருந்துவந்துள்ளது. நோய்க்கு மருந்து அதுவே எனின், இத்துணைக் காலத்துள் குணம் தெரிந்திருத்தல் வேண்டும். கலைக்கும் அதிகாரம் அரசியலாளர் கையில் உள்ளவரை அது ஊழலைக் கண்டு எழுவதிலும் எதிர்க்கட்சியைக் கண்டு எழுவதே எளிது.

செய்யத்தக்கன சில உள. உபவிதி வரைவு, வாக்கெடுப்புக்கு முன்னரே அந்நகரில் வழங்கும் மொழிகளில் வெளியிடப்பட்டு, தாக்கமுறுவோர் எல்லைக்கு வெளியே உள்ளவராயினும் கேட்கப்படல் வேண்டும். வேல்ஸ் நாட்டில் 2012இல் ஆக்கப்பட்ட உபவிதிச் சட்டம் பல உபவிதிகளுக்கு மேலிட அங்கீகாரத்தை நீக்கி, மக்களோடு கலந்தாலோசித்தலை அதனிடத்தில் வைத்தது. அவ்வழி நமக்கும் ஆராயத்தக்கது. 2018 முதல் வட்டார உறுப்பினர் மீண்டும் வந்துள்ளனராதலின், வட்டாரந்தோறும் வரவும் செலவும் ஆண்டுக்கொருமுறை மக்கள்முன் வாசிக்கப்படலாம். கணக்காய்வு அறிக்கை சபையின் நிகழ்ச்சி நிரலில் கட்டாய விடயமாதல் வேண்டும். சபையைக் கலைப்பது சுதந்திரமான விசாரணையின் முடிவுக்கும், தேர்தல் எவர் விருப்பத்துக்கும் உட்படாத நாளுக்கும் கட்டுப்படல் வேண்டும்.

இவற்றுட் சிலவற்றுக்குச் சட்டத் திருத்தம் தேவை. சிலவற்றுக்கு ஓர் உறுப்பினரின் எழுத்து மூலமான வினா ஒன்றே போதும். மேலிடம் அதிகாரத்தைத் தரும்வரை காத்திருக்கும் சபை, தந்த பின்னும் மேலிடத்தையே நோக்கி நிற்கும். தன் நகரத்தார்க்கு வகைசொல்லத் தொடங்கும் சபையிடமிருந்து அதிகாரத்தைப் பறித்தல் எளிதன்று. அப்போது அதனைக் காக்க நகரத்தார் இருப்பர்.